ட்ரில் போடாத கிளினிக்

ஜூலை 6, திங்கள்
காலையிலேயே புழுக்கம். பாதுகாப்பு உடைக்குள் வியர்வை ஊற்று. நான் வேலை பார்க்கும் மயிலாப்பூர் பல் கிளினிக்கில் முதலாளி டாக்டர் சார் போட்ட சட்டம்: ட்ரில் ஓடக் கூடாது. எச்சில் சாரல் பறக்கும், கூடவே வைரஸும். வலி என்றால் மாத்திரை, இல்லாவிட்டால் கையால் பிடுங்கல். இன்று ஒரு டீச்சர். முன்பல். ட்ரில் வைத்து வேர் சிகிச்சை, அதாவது ரூட் கனால், செய்தால் பிழைக்கும்.
"எப்படியும் மாஸ்க்தானே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.
"ஆன்லைன் கிளாஸ்ல மாஸ்க் போடறதில்லையே டாக்டர்." அழுகை வேறு.
பிடுங்கினேன். எரிச்சல்தான் வந்தது, இரக்கம் வரவில்லை.

ஜூலை 8, புதன்
எனக்கே வலி. மேல் வரிசை, சிரித்தால் தெரியும் பல். எக்ஸ்ரே எடுத்தேன். நரம்பு அழுகல். வேர் சிகிச்சை செய்தால் நிற்கும்.
உதவிக்கு இருக்கும் செல்வி அக்கா: "இன்னா டாக்டர், கன்னம் இப்டி வீங்கிக் கீது?"
சாரிடம் கேட்டேன். "உனக்கு மட்டும் எப்படிம்மா ட்ரில் எடுக்கறது? சட்டம்னா சட்டம். புடுங்கிடலாமா?"
மாத்திரை போதும் என்றேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். பழமொழியில் பல்வலியை விட்டுவிட்டார்கள், சோம்பேறிகள்.

ஜூலை 11, சனி
சாரின் அத்திம்பேர் வந்தார். இருமல். "தூசிடா, ஒண்ணுமில்ல."
அவருக்கு வேர் சிகிச்சை. ட்ரில் ஓடியது. எச்சில் உறிஞ்சும் சக்ஷன் குழாயைப் பிடித்தது நான். சாரல் முழுக்க என் முகத்துக்கு நேரே. என் பல்லும் விண்விண்.
"அக்கா ஆத்துக்காரர். எப்படி முடியாதுன்னு சொல்றது?" நான் கேட்காமலே சொன்னார் சார். இருவரையும் மனதார சபித்தேன்.

ஜூலை 14, செவ்வாய்
அத்திம்பேருக்குப் பாசிட்டிவ். எனக்கும். சாருக்கு இல்லை. அவர் மாட்டியது புது என்95. என்னுடையது வாரக்கணக்கில் காகிதக் கவரில் காயப்போட்டு மாட்டுவது.
மாநகராட்சி ஆட்கள் வந்து, நான் வெளியே போகாதபடி வீட்டு வாசலில் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு அம்மா, "இன்னாமோ டாக்டராம்!"
காய்ச்சல் இல்லை. பல்வலி மட்டும். கூடப் படித்தவளுக்குப் போன் செய்தேன்.
"ஸாரி மச்சி, பாசிட்டிவ் வாயை யார் தொறப்பா?"

ஜூலை 31, வெள்ளி
தகரம் எடுத்தாயிற்று. சீழ் எலும்பு வரை போய்விட்டது. இனி வேர் சிகிச்சைக்கு வழியில்லை. சாரே பிடுங்கினார். பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
"திங்கக்கிழமை அத்திம்பேர் கேப் போட வரார். பல்லு ஜம்முனு நிக்கறது. நீயே சக்ஷன் பிடிச்சுடு. உனக்குத்தான் வந்துட்டுப் போயிடுத்தே, பயமில்ல."
சரி சார் என்றேன். பஞ்சோடு சொன்னது விளங்கவில்லையாம். இன்னொரு தடவை சொல்ல வைத்தார்.