அப்பாவின் வலது கையும் என் சடையும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும், எங்கள் இரண்டு பேருடைய இடது தோள்களும் நல்ல சுகம். வலது தோள்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் எல்லா மூட்டுகளோடும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம் என்றால், நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது.

எனக்குத் தோள் இறுகிப்போய்க் கை மேலே போகாதது உனக்குத் தெரியும். அதே நோய் அதே கையில் அப்பாவுக்கும் வந்ததை நாங்கள் உன்னிடம் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு தோள் போதாதா என்று கேட்டேன், நான் என்ன கடையில கேட்டா வாங்கினேன் என்றார். ஆஸ்பத்திரியில் மூட்டு ஆராய்ச்சி நடக்கிறது, இறுகிய தோள்களாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்ததும் இருவரும் பெயர் கொடுத்தோம். கம்ப்யூட்டர் எங்களை ஆளுக்கொரு பக்கம் பிரித்துப் போட்டது. எனக்கு உடற்பயிற்சிக் குழு, இழுத்து இழுத்துப் பழக ஒரு சிவப்பு ரப்பர் பட்டை கொடுத்தார்கள். அப்பாவுக்கு வெறும் வெந்நீர்ப் பை. வழக்கமான வீட்டு வேலை செய்யலாம், தனியாகப் பயிற்சி மட்டும் கூடாது, அப்போதுதான் எது பலன் தருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்றாள் ஆராய்ச்சிப் பெண். நல்ல பெண், நகம் கடிக்கிற பழக்கம் மட்டும் உண்டு. எனக்கு மட்டும் ரப்பர் கிடையாதா என்று அப்பா வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தார். காலமெல்லாம் கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்திய மனுஷனாயிற்றே, சும்மா இருப்பாரா. கை எவ்வளவு தூரம் உயர்கிறது என்று அளக்க அவர்களிடம் ஒரு கருவி இருக்கிறது, பள்ளிக்கூடத்துக் கோணமானிக்கு இரண்டு கால் முளைத்த மாதிரி. இதை யார் சரிபார்த்தாங்க, முத்திரை எங்கே என்று கேட்டு அந்தப் பெண்ணை இன்னொரு நகம் கடிக்க வைத்தார்.

இதற்கிடையில் என் தலைமுடி பெரிய பிரச்சினையாகிவிட்டது. கை உயராமல் எப்படிச் சடை போடுவது. வெட்டிவிடுகிறேன் என்றேன். அதெல்லாம் வேண்டாம், நான் பார்க்கிறேன் என்று சீப்பை வாங்கிக்கொண்டார் உன் அப்பா. நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு நாளாவது உனக்கு ரிப்பன் கட்டியிருப்பாரா, யோசித்துப் பார். உட்கார்ந்தால் என் முழங்கால் எழுந்திருக்க விடாது என்பதால் கூடத்துக் கண்ணாடி முன் நின்றுகொள்வேன். நானோ அவரைவிட உயரம். முதலில் அவர் கை என் உச்சிக்கு எட்டவே இல்லை, நான்தான் தலையைப் பின்னால் சாய்த்துக் கொடுப்பேன். வகிடு காதுப் பக்கம் போய்ச் சேரும். நுனியில் தராசுக்கு சீல் வைக்கிற முடிச்சைப் போட்டுவிடுவார், சாயங்காலம் கத்தரிக்கோல் தேட வேண்டும். வெளியே மூச்சு விடக் கூடாது என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் சீப்பையே தொடுவார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் அளவெடுக்கப் போனோம். அப்பா கையைத் தூக்கினார், அது பாட்டுக்கு மேலே போனது. வெந்நீர்ப் பைக் குழுவில் யாருக்கும் அப்படிப் போகவில்லை, ரப்பர் இழுத்த எனக்கே போகவில்லை. அந்தப் பெண் திரும்பத் திரும்ப அளந்தாள், கருவியை மாற்றி அளந்தாள், பிறகு பெரிய டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஐயா, வீட்ல அம்மாவோட ரப்பரை எடுத்து இழுக்கறீங்களா, சொல்லிடுங்க என்றார் அவர் தன்மையாக. இல்லை என்றார் அப்பா. அப்போ புதுசா வேற ஏதாவது வேலை செய்றீங்களா என்று கேட்டதற்கு அப்பா விட்டத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன், என் காலை மிதித்தார். கதவு திறந்து கிடந்தது, வெளியே பெஞ்சில் இதே ஆராய்ச்சிக்கு வருகிற அவருடைய நடைப்பயிற்சிக் கூட்டாளி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரியான காரணம் தெரியாவிட்டால் உங்கள் அளவுகளை எடுத்துவிட வேண்டியிருக்கும், விதியை மீறியவர் என்று குறிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி அடுத்த வாரம் வரச் சொன்னார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். எத்தனை பேரோட தராசைப் பிடிச்சிருப்பேன், கடைசியில என்னையே கள்ளத் தராசுன்னுட்டாங்களே என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை, ஆனாலும் நானும் சந்தேகப்பட்டு ரப்பரைத் துணி அலமாரியில் ஒளித்து வைத்தேன், பாவி நான். மறுநாள் காலை வழக்கம்போலக் கண்ணாடி முன் நின்றேன். அவர் வகிடு எடுக்கும்போது கண்ணாடியில் பார்த்தால் அவர் முழங்கை என் உச்சந்தலைக்கு மேலே நிற்கிறது. நான் தலையைச் சாய்க்கவே இல்லை. எப்போதிலிருந்து சாய்ப்பதை விட்டேன் என்று இருவருக்குமே தெரியவில்லை. உங்க ரப்பர் பட்டை என் தலையிலதாங்க இருக்கு என்றேன். அவருக்கும் புரிந்துவிட்டது. புரிஞ்சு என்ன பண்றது, இதை எப்படி நாலு பேர் முன்னால சொல்றது என்றார். ஏமாத்துக்காரர்னு பேர் வாங்கறதுக்குச் சடை போடறவர்னு பேர் வாங்கினா குறைஞ்சா போயிடுவீங்க என்று கேட்டேன். சீப்பை வைத்துவிட்டு முடியைப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தார். அன்றைக்குப் பின்னல் மூன்று புரிக்குப் பதில் நாலு புரியாக முடிந்தது.

அடுத்த வாரம் டாக்டர் அறைக்குள் நாங்கள் போனதும் அப்பா தானே கதவைச் சாத்தினார், தானே திரையை இழுத்தார், சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார். சோதனை போட்டுக்குங்க என்று ஒரே வார்த்தை. என்னை நிற்க வைத்துச் சடையை அவிழ்த்துப் பின்ன ஆரம்பித்தார். அந்தப் பெண் கருவியை அவர் தோளில் வைத்துக்கொண்டு கூடவே நகர்ந்தாள். டாக்டர் ஓடிப்போய் மாணவர்களையெல்லாம் அழைத்து வந்தார், கதவு ஆவென்று திறந்து கிடந்தது, அப்பா அதைக் கவனிக்கவே இல்லை. வகிடு எடுக்கும்போதுதான் கோணம் அதிகம், அதைக் குறிச்சுக்கோம்மா என்று அவளுக்கே பாடம் நடத்துகிறார். அவர் அளவுகள் அப்படியே இருக்கும், பக்கத்தில் வீட்டு வேலை என்று குறித்துக்கொள்கிறோம் என்றார் டாக்டர். வெளியே வந்தால் அந்தக் கூட்டாளி, உச்சியில எப்படிங்க நேரா எடுக்கறீங்க, எங்க வீட்டம்மாவுக்கும் தோள் சரியில்லை என்று ரகசியமாகக் கேட்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

போன வாரம் ஆராய்ச்சி முடிந்தது. என் கையும் இப்போது நன்றாகத் தலைக்கு மேலே போகிறது. மறுநாள் காலை நானே சடை போட்டுக்கொள்ளலாம் என்று சீப்பை எடுத்தேன். பின்னாலேயே வந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டார். திடீர்னு நிறுத்தினா மறுபடி இறுகிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார் என்றார். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை, நானும் அதே அறையில்தான் இருந்தேன். திரையைக்கூட இழுக்கவில்லை. நான் கொஞ்சம் தலையைப் பின்னால் சாய்த்துக் கொடுத்தேன், தேவையே இல்லைதான்.

நீயும் மாப்பிள்ளையும் தலை வாரவும் கை வீசவும் ஒரு குறையும் இல்லாமல் நீடு வாழ வேண்டும். நாள் பூராவும் கம்ப்யூட்டர் முன்னால் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்காராதே. போனில் இதைப் பற்றி மூச்சுக் காட்டாதே. வரும்போது பல் அகலமான சீப்பு ஒன்று வாங்கி வா, இங்கே இருப்பதில் பாதிப் பல் போய்விட்டது.

இப்படிக்கு,
உன் அம்மா
(சடை உபயம்: அப்பா)