வழக்கேட்டில் விழுந்த ‘ஓம்’

வவுனியா
14.03.1961

மதிப்பிற்குரிய நண்பர் செல்வநாயகம் அவர்களுக்கு,

தாங்களும் இல்லத்தாரும் நலமென நம்புகிறேன். இங்கே மாரி முடிந்தும் குளம் வற்றவில்லை.

அச்சேறுமுன் அனுப்பிய தங்கள் தொடர்கதையின் பத்தாம் அத்தியாயத்தில் சட்டப் பிழை உண்டா எனக் கேட்டிருந்தீர்கள். மூன்று முறை வாசித்தேன், ஏதுமில்லை. நீதிமன்ற எழுதுவினைஞர்கள் தங்கள் கதாநாயகனான வழக்கறிஞரை "எங்கட பிரக்கிராசியார் தில்லைநாதன்" என்றே சொல்கிறார்கள். நீதிபதி வருமுன் அவர் மூக்குக் கண்ணாடியை இருமுறை துடைக்கிறாரே, அதை எங்கே கண்டீர்கள்? எனக்கும் அப்பழக்கம் உண்டென்று மனைவி சொல்லித்தான் அறிந்தேன்.

அந்த அத்தியாயத்தில், எதிர்த்தரப்பின் கேள்வி நீளும்போது தில்லைநாதனின் கட்சிக்காரரான, வயல் செய்யும் கமக்காரர் "ஓம், ஓம்" என்கிறார். ‘ஆம்’ என்பதல்ல, ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதே அங்கே அதன் பொருள். மொழிபெயர்ப்பாளர் அதைச் சம்மதமாக ஆங்கிலத்தில் சொல்ல, தில்லைநாதன் உடனே எழுந்து மறுக்கிறார். எம்மவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டவரால்தான் இதை எழுத முடியும்.

ஆயினும், அவர் எழுந்த அந்த ஓரிடத்தை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

சென்ற ஆவணியில், என் கட்சிக்காரர் நெடுங்கேணி வீரகத்தியின் வயல் வழக்கில் இதுவே நடந்தது. வாய்க்காலுக்கு மேற்கேயுள்ள நிலம் எதிராளி ஐயாத்துரையுடையது அல்லவா என்று கேட்டார்கள். கேள்வி முடியுமுன் வீரகத்தி "ஓம்" என்றார், சம்மதமாகப் பதிவாயிற்று. அன்று காலை நீதிபதி என்னை ஒருமுறை கடிந்திருந்தார். நான் எழவில்லை. வயல் போயிற்று.

வெளியே வந்ததும் வீரகத்தி கேட்டார்: "ஐயா, நான் ஒத்துக்கொள்ளேல்லை, கேட்டுக்கொண்டு நிண்டனான். அது உங்களுக்கும் விளங்கினதுதானே?"

"ஓம்" என்றேன். அந்த ஓமுக்கு ஒரே பொருள்தான்.

அவர் சிரித்தார். "இனி மனிசி கூப்பிட்டாலும் ஓம் சொல்லப் பயமாக்கிடக்கு."

தங்கள் அத்தியாயத்தை வாசித்த மறுநாள், அன்று எனக்கு விளங்கியதையும் நான் வாளாவிருந்ததையும் சத்தியக் கடதாசியாக எழுதி ஒப்பமிட்டேன். சாட்சி சொல்பவனே வழக்காடலாகாது. ஆகவே நிலுவையிலிருக்கும் மேன்முறையீட்டை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். வயல் மீளுமென்று உறுதி கூற இயலாது.

ஒரு வேண்டுகோள். பத்தாம் அத்தியாயத்தில் தில்லைநாதன் கண்ணாடியைத் துடைத்தபடி கதிரையிலேயே இருக்கட்டும். பின்வரும் ஓர் அத்தியாயத்தில், பிந்தியேனும் எழுந்து நிற்கும் துணிவை, படைத்தவராகிய தாங்கள் அவருக்கு அருள வேண்டும்.

தங்கள் அன்பை மறவாத,
சி. யோகலிங்கம்