'வண்டி' என்று தொடங்காத செய்திகள்

இல்லை, அழிக்கவில்லை. நீ எழுதிய கடைசி வரி நம் கணினி நிரலில் அப்படியேதான் இருக்கிறது.

இன்று காலை இழுப்பறையில் உன் நோட்டு கிடைத்தது. அட்டையில் புளிக்கறை. திறந்தால் இன்னும் அந்த வாசனை. உள்ளே உன் கோணல் எழுத்தில், நிரல் ஒதுக்கிவிட்ட மீதச் செய்திகள், ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு டிக்.

மலைக்கு ஒரே ஜீப். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் செய்தி அனுப்பினால் ஓட்டுநரின் போனில் மணியடிக்க வேண்டும். அந்த நிரலை இருவரும் சேர்ந்து எழுதினோம். செய்தியில் 'வண்டி' எங்கே இருந்தாலும் மணி என்று முதலில் வைத்தோம். "நேத்து வண்டி வந்துச்சு, ரொம்ப சந்தோசம்" என்று ஒருவர் அனுப்பிய நன்றிக்கு ஜீப் மலையேறி, காலியாகத் திரும்பியது. நான் மாற்றினேன். செய்தி 'வண்டி' என்று தொடங்கினால் மட்டும் மணி. மற்றதெல்லாம் மீதப் பட்டியலுக்கு. சுத்தமான ஒரே வரி. எனக்குப் பெருமை.

நீ மலைக்காரி. நான் அடிவாரத்துக் கண்ணமங்கலம். சிரித்தாய்.

"இன்னாடி இது? எங்க ஊர்ல எடுத்த எடுப்புலயே வண்டின்னு எவ கேப்பா? சோறு துன்னியா, மழ பேஞ்சுதான்னு கேட்டுட்டுத்தான் விசயத்துக்கு வருவாங்க."

'வண்டி' என்றே தொடங்குங்கள் என்று ஊருக்கு ஊர் எழுதி ஒட்டினால் பழகிக்கொள்வார்கள் என்றேன். ஒட்டினோம். நீ வாதாடவில்லை. மீதப் பட்டியலைத் தினமும் நோட்டில் எழுதி வாசித்தாய். வேலையற்ற வேலை என்று கேலி செய்தேன்.

மூன்றாம் வாரம் அது வந்தது. "அக்கா நல்லா கீறீங்களா. இங்க மழ வுட்டுச்சு. எனக்குக் காலைலேர்ந்து வலி. வண்டி வருமா."

என் வரி அந்தப் பிள்ளைத்தாச்சியை ஒதுக்கியிருந்தது. நீதான் பார்த்து ஓட்டுநரைக் கூப்பிட்டாய். ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் நின்ற பிறகே குழந்தை பிறந்தது. என்னை நீ திட்டவில்லை. அன்று மாலை ஒரு வரி சேர்த்தாய்: பொருந்தாதது எதுவானாலும் உடனே நம் போனுக்கு.

"மெசினுக்குப் புரியலன்னா மனுசி படிக்கட்டும்டி."

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் ஒரேயடியாகப் போய்விட்டாய். அதன் பிறகு மீதச் செய்திகள் என் போனுக்கு மட்டும் வருகின்றன.

இப்போது மலையின் மறுபக்கத்து ஊர்களும் நிரலைக் கேட்கின்றன. படிக்க ஆளில்லை, கடைசி வரியை எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்கிறார்கள். இரண்டு நாளாகக் கை வரவில்லை. எடுத்தால் அங்கே நலம் விசாரிக்கிறவள் ஒருத்தி வலியோடு காத்திருப்பாள்.

இன்று நோட்டை மூடும்போது போன் அதிர்ந்தது. மீதச் செய்தி. "அக்கா சாப்ட்டீங்களா. பாப்பா நடக்க ஆரம்பிச்சுட்டா." அதே பெண். வண்டி கேட்கவில்லை, சும்மா சொல்கிறாள்.

கூப்பிட்டேன். மறுபக்கத்துச் செய்திகளை அவள் படிப்பாளா என்று கேட்டேன். "எனக்குத் தெரியுங்கக்கா, எப்டி கேப்பாங்கன்னு" என்றாள்.

உன் வரியில் அவள் போன் எண்ணைச் சேர்த்தேன். நிரலை மறுபக்கத்துக்கு அனுப்பினேன்.