இரண்டு முறை பொறுக்கிய குப்பை

அன்புள்ள அக்காவுக்கு,

அன்று நான் உன் மகளிடம், நம் வாயாடியிடம், "போய் மன்னிப்புக் கேள்" என்று சொல்லவில்லை. பள்ளி முதல்வர் சொல்லச் சொன்னார், நான் சொல்லவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பள்ளியின் வலைப்பக்கத்தில் உன் மகளின் படத்தைப் பார்த்துவிட்டு, முகாம் அவளைப் பொறுப்பானவளாக மாற்றிவிட்டது என்று பூரித்து எழுதியிருந்தாய். போனில் பதில் சொல்ல முடியவில்லை, அவள் பக்கத்திலேயே இருக்கிறாள். நீ இருக்கிற தூரத்துக்கு அந்தப் படம் அழகாகத்தான் தெரியும். நான் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

முகாம் நடந்தது கடலோரத்தில் ஒரு பழைய கிடங்கில். தகரக் கூரை, ஈரப் பாய்கள், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை. பிள்ளைகள் எதையும் பொருட்படுத்தவில்லை. முதல் நாள் மதியம் முழுவதும் கரையைச் சுத்தம் செய்தார்கள். வெறுங்கையால். குழந்தைகளின் அழுக்கு நாப்கின், துருப்பிடித்த ஊசி, புழு நெளியும் மீன் குடல், யாருடையதோ பல்செட் ஒன்று. நம் வாயாடி மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, "மிஸ், இந்தப் பல்லு கடலைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே கழண்டிருக்கும்" என்றாள். பள்ளியில் நான் அவளுக்குச் சித்தி இல்லை, மிஸ்தான். மாலைக்குள் கரை துடைத்து வைத்த தட்டு மாதிரி ஆகிவிட்டது. மூட்டைகளைக் கட்டிச் சுவரோரம் அடுக்கினோம். அந்த ஒரு மாலை உண்மையாகவே நன்றாக இருந்தது அக்கா.

மறுநாள் காலை தாளாளரும் ஒரு புகைப்படக்காரரும் வந்தார்கள். கரையைப் பார்த்த முதல்வரின் முகம் சுருங்கிப்போனது. "என்ன மிஸ், இப்படிச் சுத்தமா கிடக்கு? பசங்க எதைப் பொறுக்கறதா படம் எடுக்கறது?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டச் சொன்னார். கொட்டினார்கள். ஓர் இரவு கட்டிக் கிடந்து புளித்த நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது. புகைப்படக்காரர், "கொஞ்சம் பரவலா போடுங்க, ஒரே இடத்துல கிடந்தா இயற்கையா தெரியாது" என்றார். தாளாளர் கைக்குட்டையில் சென்ட் அடித்துக்கொண்டார். அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்குக் கையுறை கொடுத்தார்கள்.

உன் மகள் மட்டும் குனியவில்லை. "சார், இதை நேத்தே பொறுக்கிட்டோமே! இப்பப் பாருங்க, பாதி திரும்பக் கடலுக்கே போகுது" என்று தாளாளர் காதில் விழும்படி சொன்னாள். போனதுதான். அலை ஏறி வந்து ஊசிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

முதல்வர் என்னைச் சாப்பாட்டு அறைக்குப் பின்னால் கூப்பிட்டார். "உங்க அக்கா பொண்ணு எல்லார் முன்னாடியும் தாளாளர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். இல்லேன்னா அடுத்த வருஷம் அவளும் இங்க இல்ல, நீங்களும் இல்ல. நாலு புஸ்தகம் படிச்சவங்க, நீங்களே எடுத்துச் சொல்லுங்க" என்றார். பல்லிடுக்கில் காலைச் சாப்பாடு ஒட்டியிருக்க, இளித்துக்கொண்டே சொன்னார். நான், "அவ சொன்னது நிஜம் சார். என்னால சொல்ல முடியாது" என்று வந்துவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்று அந்த நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. திறந்திருந்த ஜன்னலுக்கு உள்ளே அவள் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அக்கா, அவளிடம் பேசும்போது அந்தப் படத்தைப் பாராட்டாதே. திட்டவும் செய்யாதே. வேறு ஏதாவது பேசு. முன்போல அவள் வாயாடும்வரை பேசு. முடிந்தால் ஒருமுறை வந்து போ. முடியாவிட்டால் அவளை உன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடு, நான் குறுக்கே நிற்கமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

பி.கு.: அன்று மதியம், யாரும் சொல்லாமலே, அவள் தாளாளர் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு அவளும் குனிந்து பொறுக்கினாள்.