கழுத்தோரம் தெரிந்த ஊதாக் கோடு

நேற்று உன் பீரோவில் சேலை தேடிய மகள், அடித்தட்டிலிருந்து உன் வெள்ளை ஜாக்கெட் ஒன்றை எடுத்து வந்தாள். "இது இன்னாப்பா, ஊதா மையா? துவைச்சும் போவல," என்றாள். நான் வெளியே போய் சைக்கிளைத் துடைத்தேன். துடைத்த சைக்கிளையே மறுபடியும் துடைத்தேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியாததா?

அது உன் மார்பில் டாக்டர்கள் போட்ட கோட்டின் மை. மார்பு என்று இதோ எழுதிவிட்டேன். நீ இருந்தவரை அந்த வார்த்தையை என் வாயிலிருந்து கேட்டதே இல்லை.

அன்று ஆஸ்பத்திரியில் அறுவை செய்கிறவர், கதிர்வீச்சுக் கரண்ட் வைக்கிறவர், ஊசிமருந்து கொடுக்கிறவர் என்று மூன்று டாக்டர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து உன்னைப் பற்றிப் பேசினார்கள். நாம் வெளியே பெஞ்சில் இருந்தோம். நடுவில் குரல் உயர்ந்ததுகூடக் கேட்டது. பிறகு நம்மை உள்ளே அழைத்து, இரண்டு வழியும் உனக்குச் சரிப்படும் என்றார்கள். மார்பை முழுதாக எடுத்துவிடலாம். இல்லையென்றால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, பல வாரம் தினமும் வந்து கரண்ட் வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் ஊசி உண்டு.

நான் முந்திக்கொண்டு, "முழுசா எடுத்துடுங்க சார்," என்றேன். உன் உயிரை நினைத்துச் சொல்கிறேன் என்று அவர்கள் எண்ணியிருப்பார்கள். நீ தினமும் ரயிலேறினால் ஆம்பூர் முழுக்கத் தெரிந்துவிடுமே என்றுதான் சொன்னேன்.

கரண்ட் வைக்கிற டாக்டரம்மா என் பக்கமே திரும்பவில்லை. "நீங்க சொல்லுங்கம்மா," என்றார்.

"கட்டிய மட்டும் எடுங்க மேடம். தினம் வர்றதுக்கு இன்னா, காட்பாடி வரைக்கும் ரயில் இருக்குதே," என்றாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது கரண்ட் வைக்க இடம் குறித்துப் போட்ட அந்தக் கோடு, ஜாக்கெட்டுக்கு மேலே கழுத்தோரம் தெரிந்தது. நாள் முழுக்க ஷூ கம்பெனியில் தோலில் கோடு போட்டு வெட்டுகிறவன் நான். இந்தக் கோட்டைப் பார்க்கத்தான் எனக்குக் கூசியது. "அத கொஞ்சம் அழிச்சிக்கயேன்," என்றேன்.

"அழிஞ்சா அவங்க மறுபடியும் அளந்து போடணும். உங்களுக்கு வெக்கமா இருந்தா தள்ளி உக்காருங்க."

சர்ச்சில் ஆண்கள் எப்போதும் தள்ளித்தான் உட்காருவோம். நான் இன்னும் பின்னால், கடைசி வரிசைக்குப் போனேன். ஆராதனை முடிந்ததும் வாசலில் பாஸ்டரம்மா உன் கழுத்தைப் பார்த்துக் கேட்டார். "மார்ல கேன்சருங்கம்மா, கரண்ட் வெக்கிறாங்க," என்று அரிசி விலை சொல்வதுபோலச் சொன்னாய். நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

பிறகு கேன்சர் ஈரலில் திரும்பி வந்தபோது, "அன்னைக்கே என் பேச்ச கேட்டிருந்தா..." என்று உன் கட்டிலருகே நின்று சொன்னேன். அந்த மூவரும் மறுபடி கூடிப் பேசினார்கள். டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்து, முழுதாக எடுத்திருந்தாலும் இது வந்திருக்கலாம் என்றார். திரும்பி வந்து உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ போன பிறகு, சின்னப் பிள்ளையாக இருந்த மகளிடம் மஞ்சள் காமாலை என்றேன். ஊருக்கே தெரிந்ததை அவளுக்கு மட்டும் மறைத்தேன்.

அவளும் இப்போது கம்பெனியில் தைக்கிறாள். அங்கே மருத்துவ முகாமுக்கு வந்த ஒரு நர்ஸ், வீட்டில் யாருக்காவது கேன்சர் இருந்ததா என்று கேட்டாராம். இல்லை என்று சொல்லிவிட்டதாக இன்று காலை சாப்பிடும்போது சொன்னாள். பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன்.

"உங்கம்மாவுக்கு மார்ல கேன்சர்," என்றேன். காதெல்லாம் சுட்டது.

எழுந்து போய் அந்த ஜாக்கெட்டை எடுத்து வந்தாள். "ஏம்பா எங்கிட்ட சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

"யாருக்கு? அம்மாவுக்கா?"

"இல்ல. எனக்கு."

அவள் ஜாக்கெட்டை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நாளை அவளைப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். அங்கே உன்னைப் பற்றிக் கேட்பார்கள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.