கல்யாண வீடியோ செருகிய நாள்

நிலாத் தென்முனைச் சுரங்க நிலையம், காலை 8.10
காற்று சரி. தண்ணீர் சரி. உப்புமா கொஞ்சம் குழைந்துவிட்டது. எழுதுவது சமையல்காரி லூர்தம்மாள். மற்றவர்கள் மேற்குக் குழிக்குப் போய்விட்டார்கள். இருப்பது நானும் இன்ஜினியர் முபாரக்கும்தான். இங்கே பென் டிரைவ் செருகினால் கம்ப்யூட்டர் ஆயிரம் கேள்வி கேட்கும். "பொண்ணு பாக்க வந்தவன் மாதிரில்லா கேக்கு ஒன் பெட்டி" என்று நேற்றெல்லாம் முபாரக்கைச் சீண்டினேன். சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் ஒரு டிக் போட்டான். இனிமேல் செருகினால் தானாகத் திறக்கும். "ஆனா வைரஸ் இல்லன்னு நான் சோதிச்சுக் குடுத்தத மட்டும் செருகுங்கக்கா" என்றான்.

10.40
முபாரக் வெளியே போனான். உடையில் நாலு மணி நேரக் காற்று.

11.20
சரக்குக் கப்பலில் வந்த பென் டிரைவைச் செருகினேன். தங்கச்சி மகள் கல்யாணம். அவன் வந்து சோதிக்கும்வரை பொறுக்க முடியவில்லை. தானாகத் திறந்தது. மாப்பிள்ளை முகம் தெரியுமுன் திரை அணைந்து எரிந்தது. பிடுங்கிவிட்டேன்.

1.05
வானொலியில் முபாரக்: "அக்கா, வெளிக்கதவு திறக்கல. உள்ள எதையும் தொட்டீங்களா?"
"நான் அடுப்படில நிக்கேன் தம்பி. என்னத்தத் தொடப்போறேன்?"
"அப்ப வெளி வயர்தான். பாக்கேன்."
முகம் எரிகிறது.

1.50
ஒவ்வொரு வயராகப் பார்க்கிறான். "என்னக்கா, சத்தத்தையே காணோம்? கேலி பண்ண ஆள் கெடைக்கலயா?" என்கிறான்.

2.15
சொல்லிவிட்டேன். "தம்பி, நான்தான். கல்யாண வீடியோவச் செருகிட்டேன்."
"அழாதீங்கக்கா. கம்ப்யூட்டர் சொல்லாம கதவு அசையாது. பெரிய சுவிட்ச அணைச்சுப் போடுங்க. எல்லாம் திரும்ப வர அரை மணி ஆகும்."
"ஒனக்குக் காத்து?"
"இருவது நிமிஷம் வரும்."
அணைத்துப் போட்டேன்.

2.47
கதவு திறந்தது. அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உடையில் காற்று தீர்ந்திருந்தது. இங்கே யாருக்கும் பெரிய கனமில்லை. நான் ஒருத்தியே தூக்கி வந்தேன்.

4.30
பூமியிலிருந்து: "முபாரக் உடை ரேடியோல கடைசியா எங்களுக்குச் சொன்னது, 'வெளி வயர் கோளாறு, அக்கா எதையும் தொடல.' நேரம் ரெண்டு முப்பத்தொண்ணு. அப்படியே பதிஞ்சிரலாமாம்மா?"
நான் சொன்ன பிறகு சொல்லியிருக்கிறான்.

4.50
இல்லை என்று அனுப்பிவிட்டேன். என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். இந்தக் குறிப்பை முழுக்க அனுப்பச் சொல்கிறார்கள். அவன் அம்மாவுக்குக் கண் தெரியாதாம், யாராவது சத்தமாக வாசித்துக் காட்டுவார்களாம். 1.05க்கு நான் சொன்னதையும் அழிக்காமல் அனுப்புகிறேன்.