ஆட்டோத் திறப்போடு தொங்கிய இன்னொரு திறப்பு

ஓயாமல் கதைத்தே என் காதைப் பழுதாக்கிய அன்பு ராசன் அண்ணைக்கு,

நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. இப்போது வேறொருவருடைய ஆட்டோவில்தான் நோயாளிகளின் வீடுகளுக்குப் போகிறேன். அவர் வாயே திறப்பதில்லை. ஜெயபுரம் வரும்வரை நானே எனக்குக் கதை சொல்லிக்கொண்டு போகிறேன்.

வாழ்வே வேண்டாம் என்று சோர்ந்தவர்கள் அன்றாட வேலைகளுக்கு மெல்லத் திரும்ப உதவுவது என் தொழில். நீங்கள் ஊருக்கு விளக்கிய விதமே வேறு: “டொக்டர் குளிசை குடுப்பார், இவா வேலை குடுப்பா.” நோயாளியின் வாசலில் ஆட்டோ நின்றால் சனம் கதைக்கும் என்று நாலு வீடு தள்ளி, கடைக்காரர் வாசலில் நிறுத்துவீர்கள். ஒரே மாதத்தில் கடைக்காரருக்குத்தான் வருத்தம் என்று ஊர் நம்பி, இளநீரோடு போய் அவரைத் தேற்றியது.

இரண்டு நாயோடு தனியே இருப்பவரை மறந்திருக்கமாட்டீர்கள். பெயர் வேண்டாம். ஒருமுறை சாவின் விளிம்புவரை போய் வந்தவர். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைப் பெட்டியில் பூட்டி, திறப்பை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் உங்களைக் காட்டினார்.

“இவரிட்டை இருக்கட்டும் பிள்ளை. திறப்பு கேட்டால் ரெண்டு மணித்தியாலம் கதைப்பார். அதுக்குப் பயந்தே கேக்கமாட்டன்.”

நீங்கள் அதை ஆட்டோத் திறப்போடு கோத்துக்கொண்டீர்கள். மருந்தடிக்கும் நாளெல்லாம் திறப்போடு போய் வரம்பில் குந்தியிருந்து கதைத்தீர்கள். பூச்சி ஓடியது மருந்துக்கா, உங்கள் கதைக்கா?

பிறகு ஒருநாள் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. செத்த வீட்டில் அழுதுகொண்டே உங்கள் ஆட்டோத் திறப்பைத் தேடினேன். யாருக்குத்தான் விளங்கும்? அது அண்ணியின் கையில் இருந்தது, மற்றத் திறப்பும் அதோடு தொங்கியது. ஊர்க்கதை எல்லாம் கதைத்த நீங்கள், அது எதன் திறப்பு என்று பெண்சாதிக்குக்கூடச் சொல்லியிருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து நாய்க்காரரே வந்து அண்ணிக்கு முன்னால் நின்றார்.

“தங்கச்சி, என்ரை மருந்துப் பெட்டித் திறப்பு உங்கடை மனுசனிட்டை இருந்தது.”

திருப்பிக் கேட்கப்போகிறார் என்று நினைத்து இடையில் போய் நின்றேன்.

“அதை என்னட்டைத் தராதேங்கோ. நீங்களே வைச்சிருங்கோ,” என்றார்.

நான் அன்று உங்களுக்காக அழுததைவிட அதற்குத்தான் கூட அழுதேன், அண்ணை. கோபிக்காதீர்கள்.

இப்போது வரம்பில் குந்துவது அண்ணி. போன கிழமை நாய்க்காரர் என்னிடம் முறையிட்டார்: “ராசன் தேத்தண்ணி குடிக்கவாவது நிப்பாட்டுவார். அவா அதுக்கும் நிப்பாட்டமாட்டா, பிள்ளை.” கதை முழுக்க உங்களைப் பற்றித்தானாம். மனுசன் அடுத்த போகத்துக்கும் விதைநெல் வாங்கிவிட்டார்.

அண்ணிக்கு ஏலாத நாளில் அந்தத் திறப்போடு நான் போவேன். இது சத்தியம். அதற்காகத்தான் ஆட்டோவில் தனியே கதைத்துப் பழகுகிறேன்.

உங்கள் பின்சீட்டுத் தங்கச்சி,
சுதா